ஒரே வினவல், மூன்று கணினிகள்

என் கணினியில் மூன்று என்று வந்த விடை, இரண்டு மேசை தள்ளி அமர்ந்திருந்த இளைய சகப் பணியாளரின் கணினியில் நான்கு என்று வந்தது. வினவல் ஒன்றுதான், அவர் அதைத் தட்டச்சிடக்கூட இல்லை, நான் அனுப்பிய வரியை அப்படியே ஒட்டினார். அட்டவணையும் ஒன்றுதான், நான் எடுத்துக் கொடுத்த நகலைத்தான் அவர் தம்முடைய மேக்கில் ஏற்றியிருந்தார். எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் பதிப்பு எண் கடைசிப் புள்ளி வரை ஒத்திருந்தது. "அண்ணா, எனக்கு நாலு வருது. உங்களுக்கு மட்டும் ஏன் மூணு?" என்று அவர் கேட்டபோது நான் முதலில் சந்தேகப்பட்டது அவர் ஏற்றிய நகலைத்தான். அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன். மறுபடியும் நான்கு.

அது ஒரு சோதனை அட்டவணை. வாடிக்கையாளர் பட்டியலைப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்து, இரண்டு பேரிடம் சரிபார்க்கக் கொடுக்க வேண்டிய ஒரு சிறு வேலைக்காக, ஐந்தே ஐந்து பெயர்களை ஆங்கில எழுத்தில் இட்டிருந்தேன்: அருண், பாலா, சித்ரா, நிலா, ரவி. உண்மையான பட்டியலில் இருக்கும் ஒழுங்கின்மையைக் காட்டுவதற்காகப் பாலாவையும் நிலாவையும் சிறிய எழுத்திலும் மற்ற மூன்றையும் பெரிய எழுத்திலும் தொடங்கியிருந்தேன். சிறிய 'என்' எழுத்துக்கு முன்னால் வரும் பெயர்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்லும்.

இந்த நான்கின் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. அதன் பிறகு, எங்கள் குழுவில் லினக்ஸ், மேக், விண்டோஸ் என மூன்றும் புழங்குவதால், பிஎஸ்கியூஎல் என்ற ஒரே கருவி இந்த மூன்றிலும் எங்கெங்கே வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வரும் கட்டளைவரிக் கருவி அது. சாளரமோ பொத்தானோ கிடையாது. ஆகவே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதற்கு அதைவிடத் தகுதியான மென்பொருள் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நோட்டு நிறைய நிறைய, வேறுபாடுகள் இரண்டு வகையாகப் பிரிவது தெரிந்தது. சில உடனே பிழைச்செய்தி தந்து நம்மைத் தடுத்து நிறுத்துபவை. அவற்றால் கெடுவது நேரம் மட்டுமே. மற்றவை எதுவும் சொல்லாமல் வேறு விடையைத் தருபவை. சத்தம் போடுபவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதல் வேறுபாடு உள்ளே நுழைவதிலேயே தொடங்குகிறது. பெயர், முகவரி எதுவும் கொடுக்காமல் பிஎஸ்கியூஎல் என்று மட்டும் தட்டினால், இயங்குதளத்தில் நாம் எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறோமோ அந்தப் பெயரையே அது பயனர் பெயராகவும் தரவுத்தளத்தின் பெயராகவும் எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவில் நிறுவினால் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் ஓர் இயங்குதளப் பயனர் உருவாகிறார்; அவராக மாறிக்கொண்டு கட்டளையிட்டால் கடவுச்சொல் கேட்காமல் கதவு திறக்கிறது. ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வருபவரின் அடையாளத்தை இயங்குதளத்திடமே கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளும் 'பியர்' முறை அங்கே இயல்பாக அமைந்திருப்பதே காரணம். மேக்கில் ஹோம்புரூ என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவினால் நிறுவியவரின் சொந்தப் பெயரே மேலாளர் பெயராகிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற பயனரே அங்கு இருப்பதில்லை. இணையத்தில் படித்த கட்டளையை அப்படியே ஒட்டியவருக்கு, அப்படி ஒரு பயனர் இல்லை என்ற பதில் கிடைக்கிறது. விண்டோஸிலோ பிஎஸ்கியூஎல் சாக்கெட்டைத் தேடாமல், அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரிக்கு டிசிபி என்ற பிணைய வழியில் போகிறது, விண்டோஸ் நுழைவுப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறது, கடவுச்சொல் கேட்கிறது, எதைக் கொடுத்தாலும் தவறு என்கிறது, ஏனென்றால் அந்தப் பெயரில் அங்கு யாருமே இல்லை. எங்கள் கணக்குப் பிரிவில் விண்டோஸ் வைத்திருக்கும் அக்கா தம் கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

அமைப்புக் கோப்புகளின் கதையும் இதுவே. லினக்ஸிலும் மேக்கிலும் வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒளிந்திருக்கும் பிஎஸ்கியூஎல்ஆர்சி என்ற தொடக்க அமைப்புக் கோப்பு, விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற கோப்புறைக்குள் வேறு பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களைச் சேமிக்கும் பிஜிபாஸ் கோப்பு யூனிக்ஸ் வகைக் கணினிகளில் உரிமையாளர் மட்டும் படிக்கும்படி, அதாவது 0600 என்ற அனுமதியோடு இருந்தால்தான் மதிக்கப்படும். தளர்வாக இருந்தால் ஓர் எச்சரிக்கையோடு அது ஒதுக்கப்படும். விண்டோஸில் அந்தச் சோதனையே கிடையாது. அங்கே அந்தக் கோப்புறை எப்படியும் பாதுகாப்பானது என்று கருவி எடுத்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

மேக்கில் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது வரலாற்றுக் கோப்பு. பழைய கட்டளைகளைத் தேடுவதற்காக அதைத் திறந்தேன். ஒவ்வொரு வெற்றிடமும் இருந்த இடத்தில் பின்சாய்கோடும் 040 என்ற எண்ணும் நின்றன. லினக்ஸில் வரித் திருத்தத்துக்கு ரீட்லைன் என்ற நிரல் நூலகம் பயன்படுகிறது, மேக்கில் அதற்குப் பதிலாக லிப்எடிட் பயன்படுவது வழக்கம்; லிப்எடிட் வெற்றிடங்களை இப்படித்தான் எழுதிவைக்கிறது. விண்டோஸில் பொதுவாக நிறுவப்படும் தொகுப்பில் இரண்டும் இல்லை. ஆகவே அட்டவணைப் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு, மீதியைக் கருவியே நிரப்பும் என்று டேப் விசையை அழுத்தும் கை, அங்கே அழுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருக்கும்.

சத்தம் போடும் வேறுபாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோப்புப் பாதை பற்றியது. ஒரு கோப்பில் உள்ள கட்டளைகளை இயக்க, பின்சாய்கோட்டோடு 'ஐ' என்று தட்டிக் கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் பயனர் வழக்கம்போல் சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு என்று தொடங்குவார். ஆனால் பிஎஸ்கியூஎல்லுக்குப் பின்சாய்கோடு என்றால் புதிய கட்டளையின் தொடக்கம். எனவே அது பாதையை முக்காற்புள்ளியோடு வெட்டிவிட்டு, 'சி' என்ற இயக்ககத்தையே கோப்பாகத் திறக்கப் பார்த்து, அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது. அனுமதி என்ற சொல்லைப் பார்த்தவர் என்ன செய்வார்? நிர்வாகி உரிமையோடு மறுபடி இயக்குவார்; கோப்புறையின் பாதுகாப்பு அமைப்புகளை மாற்றுவார்; எதுவும் நடக்காது. மேற்கோள் குறிக்குள் இட்டால் தப்பித்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் கோப்புறை இருந்தால் பின்சாய்கோடும் 'டி'யும் சேர்ந்து டேப் ஆகிவிடும். 'என்' வந்தால் புது வரி ஆகிவிடும். முன்சாய்கோட்டைப் பயன்படுத்தினால் விண்டோஸும் ஏற்கிறது, கருவியும் ஏற்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்த நாள் முதல் அக்கா என்னை ஒரு நிபுணராகவே நடத்துகிறார்.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இருந்து வருபவர்களுக்கு இவையெல்லாம் புதிதல்ல. அங்கே அட்டவணைகள் வட்டில் கோப்புகளாக இருப்பதால், பெயரில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதைக் கோப்பு முறைமையே தீர்மானித்துவந்தது. அதற்கான அமைப்பின் இயல்பு மதிப்பு லினக்ஸில் 0, விண்டோஸில் 1, மேக்கில் 2. விண்டோஸில் எழுதி, எழுத்தளவைக் கவனிக்காமல் ஓட்டிய நிரல், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் அட்டவணையே இல்லை என்று நிற்பது பல தலைமுறை நிரலாளர்கள் பட்ட பாடு. 8.0 பதிப்பிலிருந்து அந்த அமைப்பைச் சர்வரை முதன்முதலில் தொடங்கும்போது மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. ஆனால் அதுவும் சத்தம் போடும் வகைதான்.

தமிழைத் தரவுத்தளத்தில் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் கன்சோல், அதாவது கட்டளைச் சாளரம், தனியாக ஒரு பாடம் நடத்தும். பிஎஸ்கியூஎல்லைத் திறந்தவுடன், கன்சோலின் கோட் பேஜ் 437, விண்டோஸின் கோட் பேஜ் 1252, இரண்டும் வேறுபடுகின்றன என்று ஓர் எச்சரிக்கை வரும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல்தான் கோட் பேஜ். 437 என்பது பழைய ஐபிஎம் கணினிகளின் எழுத்துத் தொகுதி. 1252 என்பது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. தமிழுக்கு விண்டோஸில் இப்படிப்பட்ட பழைய கோட் பேஜ் ஒன்று இருந்ததே இல்லை. விண்டோஸுக்குள் தமிழ் யூனிகோடாகத்தான் நுழைந்தது. ஆகையால் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தமிழுக்கு இடமில்லை.

இதன் விளைவை ஓர் எழுத்தைக் கொண்டு பார்க்கலாம். 'க' என்பது, யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். முனையத்தில் நேரடியாக வேலை செய்யும்போது பிஎஸ்கியூஎல், இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்துத் தன் குறியாக்கத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் பெரும்பாலும் அது யூடிஎஃப்-8 ஆக அமைந்துவிடுவதால் அப்படி ஒரு தேர்வு நடந்ததே நமக்குத் தெரிவதில்லை. விண்டோஸில் அது 1252 என்று முடிவு செய்கிறது. தமிழ்ப் பெயர் உள்ள ஒரு பதிவைக் கேட்டவுடன், இந்த மூன்று பைட்டுகளுக்கு ஈடான எழுத்து 1252இல் இல்லை என்று சர்வர் மறுத்துவிடுகிறது. சரி, குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று கையால் மாற்றினால், மூன்று பைட்டுகளும் வந்து சேர்கின்றன. ஆனால் 437இல் இருக்கும் கன்சோல் அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படித்து, கிரேக்க ஆல்ஃபா ஒன்று, இடப்பக்க இரட்டைக் கோணக் குறி ஒன்று, தலையில் கோடு போட்ட 'ஓ' ஒன்று எனக் காட்டுகிறது. 1252இல் வைத்தால் தலையில் கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', ஒரு கரும்புள்ளி. தமிழ்க் கோப்பைத் தவறான குறியாக்கத்தில் எப்போதாவது திறந்து பார்த்தவர்களுக்கு இந்த 'ஏ'யும் வட்ட 'ஆர்'உம் பழைய நண்பர்கள்.

சிஎச்சிபி என்ற கட்டளையால் கன்சோலை 65001க்கு, அதாவது யூடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டு, பிஜிகிளையன்ட்என்கோடிங் என்ற சூழல் மாறியிலும் யூடிஎஃப்8 என்று குறித்துவிட்டுக் கருவியைத் திறப்பதே எங்களுக்குக் கைகொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனையும் செய்த பிறகும் அந்த எச்சரிக்கை போகவில்லை. முன்பு 437க்கும் 1252க்கும் ஒத்துப்போகவில்லை என்றது. இப்போது 65001க்கும் 1252க்கும் ஒத்துப்போகவில்லை என்கிறது.

இதிலேயே அமைதியாக ஏமாற்றும் ஒரு நுணுக்கம் உண்டு. குறியாக்கத்தைத் தானே ஊகிக்கும் வழக்கம், உள்ளீடும் வெளியீடும் முனையமாக இருக்கும்போது மட்டுமே. விடையை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் ஊகம் நடப்பதில்லை. வேறு எதுவும் குறிக்காத நிலையில் சர்வர் தன் சொந்தக் குறியாக்கத்திலேயே, எங்கள் விஷயத்தில் யூடிஎஃப்-8இல், அனுப்பிவிடுகிறது. எனவே, ஒரே விண்டோஸ் கணினியில், ஒரே வினவல், திரையில் பார்த்தால் பிழை, கோப்பில் எழுதினால் சுத்தமான தமிழ். இரவில் தானாக ஓடும் அறிக்கை ஒழுங்காக வருகிறது, காலையில் அதையே கையால் ஓட்டிப் பார்த்தால் உடைகிறது என்று அக்கா சொன்னபோது, இரண்டும் ஒரே வினவல்தானா என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

கோப்பு என்றதும் வரி முடிவுகளையும் சொல்ல வேண்டும். காப்பி கட்டளையால் சர்வரின் வட்டிலேயே கோப்பு எழுதச் சொன்னால், விண்டோஸில் ஓடும் சர்வர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு பைட்டுகளை இடும். மற்றவை ஒன்றை மட்டும் இடும். ஆனால் அதே காப்பி கட்டளை விடையைக் கோப்பில் எழுதாமல் நம்மிடம் அனுப்பும்போது, எந்த இயங்குதளத்தின் சர்வராக இருந்தாலும் ஒன்றைத்தான் அனுப்பும். இது ஆவணத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இரண்டு சர்வர்களில் எடுத்த கோப்புகளின் ஹாஷ் மதிப்பை, அதாவது பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, ஒப்பிட்டு, தரவு ஒத்துப்போகவில்லை என்று அறிவித்துவிட்டு, வேறுபடும் வரிகளைக் காட்டச் சொன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லாமே வேறுபடுவதாகத் திரையில் ஓடியது. அப்போதுதான் உறைத்தது.

இனி அந்த நான்கு.

ஐந்து பெயர்களையும் வரிசைப்படுத்திக் காட்டச் சொன்னபோது, என் லினக்ஸில் அருண், பாலா, சித்ரா, நிலா, ரவி என்று அகரவரிசையில் வந்தன. மேக்கில் அருண், சித்ரா, ரவி என்று பெரிய எழுத்துப் பெயர்கள் முதலில் முடிந்து, அதன் பிறகே பாலாவும் நிலாவும் வந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் எண் 65 முதல் 90 வரை. சிறிய எழுத்துகளின் எண் 97 முதல் 122 வரை. மேக் கணினி அகராதியைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தது. அப்படிப் பார்த்தால் ரவியின் பெரிய 'ஆர்' 82, சிறிய 'என்' 110; எனவே ரவி 'என்'னுக்கு முன்னால் வந்துவிட்டார். அருண், சித்ரா, ரவி, பாலா: நான்கு. வரிசை மாறினால் அறிக்கை பார்ப்பதற்குக் கொஞ்சம் அழகில்லாமல் இருக்கும், அவ்வளவுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். முன்னால், பின்னால், இடையில் என்று கேட்கும் ஒவ்வொரு நிபந்தனையும் அதே வரிசை விதியைத்தான் நம்பியிருக்கிறது என்பதை யோசித்ததே இல்லை.

இரண்டு தரவுத்தளங்களிலும் வரிசை விதி அமெரிக்க ஆங்கிலம், யூடிஎஃப்-8 என்றே குறிக்கப்பட்டிருந்தது. பெயர் ஒன்று, பொருள் வேறு. போஸ்ட்கிரெஸ் நெடுங்காலமாக எழுத்துகளை ஒப்பிடும் வேலையைத் தானே செய்யாமல், இயங்குதளத்தின் சி நூலகத்திடம் கொடுத்து, அது சொன்னதை ஏற்றுக்கொள்கிறது. லினக்ஸின் கிலிப்சி நூலகத்தில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு அகராதி போன்ற விரிவான விதிகள் உண்டு. மேக்கில் யூடிஎஃப்-8 மொழி அமைப்புகளின் வரிசைக் கோப்பைத் திறந்து பார்த்தால், அது பழைய ஆஸ்கி விதியைச் சுட்டும் ஓர் இணைப்பாகவே இருந்தது. விண்டோஸில் பெயரே வேறு. அங்கே மொழியின் பெயரையும் நாட்டின் பெயரையும் கோட் பேஜ் எண்ணையும் சேர்த்து எழுதுவார்கள், லினக்ஸ் பாணியில் பெயர் கொடுத்துத் தரவுத்தளத்தை உருவாக்கச் சொன்னால் அப்படி ஒரு மொழி அமைப்பு இல்லை என்று மறுத்துவிடலாம். பரவாயில்லை, மறுப்பது எவ்வளவோ மேல். பெயரை ஏற்றுக்கொண்டு வேறு பொருளில் நடப்பதுதான் எங்களை ஒரு நாள் அலைக்கழித்தது.

மேக்கைக் குறை சொல்லிவிட்டு லினக்ஸ்காரர்கள் மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. 2018 ஆகஸ்டில் வெளிவந்த கிலிப்சி 2.28, வரிசை விதிகளைப் பெரிய அளவில் புதுப்பித்தது. 1-1, 11 என்ற இரண்டு சரங்களை எடுத்துக்கொள்வோம். பழைய நூலகம் இடைக்கோட்டை முதல் சுற்றில் கண்டுகொள்ளாமல் விட்டதால் 11 முன்னாலும் 1-1 பின்னாலும் வரும். புதியதில் 1-1 முன்னால் வரும். உபுண்டு 18.04இல் இருந்தது 2.27, 20.04இல் இருந்தது 2.31. டெபியன் 10, ரெட்ஹேட் 8 ஆகியவற்றில் 2.28. அதாவது, இயங்குதளத்தை மேம்படுத்திவிட்டு, தரவுக் கோப்புறையைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு சர்வரை மறுபடி தொடங்கியவர்கள் அத்தனை பேரும் இந்தக் கோட்டைத் தாண்டினார்கள்.

இதில் வரிசை மாறுவது சிறிய தொல்லை. பெரிய தொல்லை இண்டெக்ஸ். பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்தி எழுதிவைத்த ஒரு பெயர்ப் பதிவேடு. தேடும் சொல் நடுப்பக்கத்தில் உள்ள சொல்லுக்கு முன்னதா பின்னதா என்று பார்த்து, இடப்புறமோ வலப்புறமோ போய்க்கொண்டே இருப்பதுதான் தேடல். பதிவேடு பழைய விதிப்படி எழுதப்பட்டிருக்க, தேடுபவர் புதிய விதியோடு வந்தால், வலப்புறம் இருக்கும் பெயரை இடப்புறம் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடுவார். பெயர் அட்டவணையில் இருக்கிறது. இண்டெக்ஸ் வழியாகக் கேட்டால் இல்லை. ஒரே மின்னஞ்சல் முகவரி இரண்டு முறை வரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தாலும், 'இல்லை' என்று இண்டெக்ஸ் சொன்னதை நம்பி அதே முகவரியோடு இரண்டாவது பதிவும் உள்ளே போய்விடும். முதன்மைச் சர்வர் ஒரு லினக்ஸ் பதிப்பிலும், அதன் பைட்டு நகலாக ஓடும் துணைச் சர்வர் வேறொரு பதிப்பிலும் இருந்தால், ஒரே கேள்விக்கு இரண்டும் இரண்டு பதில் சொல்லும். மருந்து எளியதுதான்: இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும். ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே மருந்து? 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, தரவுத்தளம் உருவானபோது இருந்த வரிசை விதியின் பதிப்பைப் போஸ்ட்கிரெஸ் நினைவில் வைத்துக்கொண்டு, மாறியிருந்தால் இணையும்போதே எச்சரிக்கிறது. பிஎஸ்கியூஎல்லைத் திறக்கும்போது வரும் வரிகளைப் படிக்காமல் தாண்டுகிறவர்கள் இந்த ஒன்றையாவது நின்று படிக்கலாம்.

மென்பொருளை அதன் சூழலோடு சேர்த்து ஒரே படிமமாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் போட்டுவிட்டால் எல்லாக் கணினியிலும் ஒன்றாகிவிடும் என்று யோசனை வந்தது. ஓரளவுக்கு உண்மை. ஆனால் அளவு சிறியது என்று ஆல்பைன் என்ற லினக்ஸ் வகைப் படிமத்தை ஒருவரும், டெபியன் வகையை மற்றொருவரும் எடுத்தால் கதை மறுபடி தொடங்கும். ஆல்பைனின் சி நூலகமான மஸ்லில் மொழிவாரி வரிசை விதிகள் கிடையாது. அதுவும் மேக்கைப் போல எண்களைத்தான் பார்க்கும். எங்களில் ஒருவர் அப்படியே எடுத்திருந்தார். அந்த ஒருவர் நான்.

ஆங்கிலப் பெயர்களுக்கே இவ்வளவு என்றால், தமிழ்ப் பெயர்களை எண் வரிசையில் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை வந்தது. பக்கம், பகல், பவளம், பழம், பள்ளி. தமிழ் அகராதியில் இவை இந்த வரிசையில்தான் வரும். புள்ளி வைத்த 'க்', உயிர் ஏறிய 'க'வுக்கு முன்னது. வ, ழ, ள என்பது நெடுங்கணக்கின் ஒழுங்கு. யூனிகோடில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது பிற இந்திய மொழிகளின் வரிசையை ஒட்டியே இடம் ஒதுக்கினார்கள். அதனால் ற, ரவுக்கு அடுத்தும், ன, நவுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வவுக்கு முன்னாலும் நிற்கின்றன. புள்ளியின் எண்ணோ எல்லா மெய்களையும் உயிர்க்குறிகளையும் தாண்டியது. எனவே எண் வரிசையில் பகல், பக்கம், பள்ளி, பழம், பவளம் என்று வருகின்றன. ஐந்து சொல்லில் பழம் மட்டும்தான் தன் இடத்தில் இருக்கிறது.

2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து, இயங்குதளத்தை நம்பாமல் ஐசியூ என்ற தனி நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்தும் வழி போஸ்ட்கிரெஸில் உண்டு. அதில் தமிழுக்கான விதியைக் கேட்டால், மேலே சொன்ன ஐந்தும் அகராதியில் உள்ளபடியே வந்து நிற்கின்றன. லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸிலும் அப்படியே. ஐசியூவின் பதிப்பு மாறினாலும் விதி மாறலாம், அப்போதும் இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியிருக்கும் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த மாற்றம் நடப்பது நாம் ஐசியூவை மாற்றும்போதுதான். யார் எந்தக் கணினி வாங்கினார் என்பதைப் பொறுத்து அல்ல. 2024இல் வந்த 17ஆம் பதிப்பு இன்னும் ஒரு படி போய், எந்த வெளி நூலகத்தையும் கேட்காமல் எண் வரிசையில் ஒப்பிடும் விதியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. அகராதி ஒழுங்கு வேண்டாத இடத்தில் அதுவே போதும்.

மேக் தந்த இன்னொரு பரிசையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படக் கோப்புகளின் பெயர்களை ஒரு பழைய மேக் வட்டிலிருந்து பட்டியலெடுத்து அட்டவணையில் ஏற்றினோம். 'கொடி' என்ற கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது. 'கொடி' என்று தேடினால் இல்லை. கொகரத்தின் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமாகவே கருதுகிறது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை எல்லாம் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். 'கொ'வின் நீளம் எவ்வளவு என்று கேட்டேன். நாங்கள் தட்டச்சிட்டதில் 2, மேக் வட்டிலிருந்து வந்ததில் 3. 13ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் என்ற செயற்கூற்றால் எல்லாவற்றையும் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கொடியும் கோவிலும் அகப்பட்டன.

இப்போது எங்கள் குழுவில் எந்த நிரல் கோப்பும் பயனர் பெயர், முகவரி, போர்ட், தரவுத்தளம் ஆகிய நான்கையும் வெளிப்படையாகச் சொல்லித்தான் பிஎஸ்கியூஎல்லை அழைக்கிறது. குறியாக்கம் முதல் வரியிலேயே குறிக்கப்படுகிறது. யாருடைய பிஎஸ்கியூஎல்ஆர்சியும் குறுக்கிடாதபடி, அதைப் படிக்காதே என்னும் பெரிய 'எக்ஸ்' தெரிவும் சேர்க்கப்படுகிறது. வரிசைப்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் எந்த விதி என்பதைப் பெயர் சொல்லி எழுதுகிறோம். பார்ப்பதற்கு வினவல் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது. ஐந்து பெயர் கொண்ட அந்தச் சோதனை அட்டவணையை நான் அழிக்கவில்லை. புதிதாக யாருக்காவது கணினி கொடுத்தால், முதல் வேலையாக அந்த வினவலை ஓட்டச் சொல்லி, மூன்றா நான்கா என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவின் விண்டோஸில் மட்டும் ஒன்று தீரவில்லை. பழைய கன்சோல் சாளரத்தின் எழுத்துருவில் தமிழ் இல்லாததால், குறியாக்கம் எல்லாம் சரியான பிறகும் பெயர்கள் பெட்டி பெட்டியாகத்தான் தெரிகின்றன. அந்தப் பெட்டிகளை அப்படியே தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டினால் முருகேசன், தேன்மொழி என்று தெளிவாக வருகிறது. அவர் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறார். புதிய டெர்மினலை நிறுவித் தருகிறேன் என்று நான் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.